16 கோர் டெஸ்க்டாப்: தையிலேயே வாங்குவதா, ஆடி வரை பொறுப்பதா?

குத்தாலத்தார்

வணக்கம். குத்தாலத்தில் கல்யாண வீடியோ, ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இப்போது இருப்பது இன்டெல் ஐ7-8700 பிராசஸர், 32 ஜிபி டிடிஆர்4 ரேம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் 2019இல் கட்டியது. எடிட்டிங் ப்ரீமியரில். போன வருஷம் கேமராக்களை மாற்றினோம், புதுசு 4கே 10 பிட் 4:2:2 ஹெச்.265இல், அதாவது நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் வடிவத்தில் எடுக்கிறது. கலர் அருமையாக வருகிறது, பட்டுப்புடவை ஜரிகையும் சரி, ஹோமப் புகைக்குப் பின்னால் இருக்கும் முகமும் சரி, முன்பு இப்படி வந்ததே இல்லை. ஆனால் டைம்லைனில் போட்டால் ஓடமாட்டேன் என்கிறது. மூன்று கேமரா மல்டிகேம் வைத்து தாலி கட்டும் இடத்துக்கு வந்தால் கெட்டிமேளம் ஒலிக்கிறது, படம் அப்படியே நிற்கிறது.

2026 தை பிறந்துவிட்டது, மாசி முடிய ஆர்டர் இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸ் பிராசஸர், 16 கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் 16 பகுதி), 64 ஜிபி டிடிஆர்5 ரேம் என்று மனதில் வைத்திருக்கிறேன். ஒருத்தர் "இந்த வருஷக் கடைசியில் புது தலைமுறை வருது, பொறு" என்கிறார். இன்னொருத்தர் "ரேம் விலை ஏறிக்கிட்டே போகுது, இன்னைக்கே வாங்கு" என்கிறார். கடன் வாங்கித்தான் வாங்கப் போகிறேன், அதனால் அவசரப்பட்டு முடிவெடுக்க மனசில்லை. இப்போதே வாங்குவதா, பொறுப்பதா?

மாயவரம் டு பெங்களூர்

ரேமைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் அண்ணே. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று பேரும்தான் உலகத்து ரேமில் பெரும்பகுதியைச் செய்கிறார்கள், மூன்று பேருமே ஏஐ டேட்டா சென்டர்களுக்கான நினைவகத்தின் பக்கம் உற்பத்தியைத் திருப்பிவிட்டார்கள், லாபம் அங்கேதான். 2025 டிசம்பரில் மைக்ரான் தன்னுடைய க்ருஷியல் பிராண்டையே கடை விற்பனையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. நம்மைப் போன்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பிராண்டு அது. 2025 நடுவில் வாங்கிய டிடிஆர்5 செட்டுக்கும் இப்போது கேட்கிற விலைக்கும் பல மடங்கு வித்தியாசம். பிராசஸர் விலை இறங்கட்டும் என்று காத்திருந்தால் அங்கே மிச்சமாவது இங்கே ரேமில் போய்விடும்.

என் கட்சி: இப்போதே வாங்குங்கள்.

தஞ்சாவூர் கம்பைலர்

பொறுங்கள், பொறுங்கள். எப்போது வாங்குவது என்பதற்கு முன்னால், இப்போதைய மெஷினில் எது தடுக்கிறது என்று பார்க்காமல் 16 கோருக்குக் கடன் வாங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் வீட்டிலிருந்து சி++ வேலை செய்கிறவன். பெரிய புராஜெக்டை முழுசாக கம்பைல் செய்தால், அதாவது எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றினால், ஆயிரக்கணக்கான ஃபைல், ஒவ்வொன்றும் தனித்தனி வேலை, 16 கோரும் கடைசி வரை நிமிராமல் உழைக்கும். எனக்கு 16 கோர் கொடுத்தால் அத்தனைக்கும் பலன் உண்டு. வீடியோ எடிட்டிங் அப்படி இல்லை. 1967இலேயே ஜீன் அம்டால் என்பவர் சொன்ன கணக்கு இது: ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பிரித்துச் செய்யலாம், 10 சதவீதம் ஒருவரே செய்தாக வேண்டும் என்றால், 16 கோர் போட்டால் வேகம் 6.4 மடங்குதான் கூடும். 32 போட்டால் 7.8 மடங்கு. எத்தனை ஆயிரம் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. கல்யாணச் சமையலில் காய் நறுக்க இருபது பேரை உட்கார வைக்கலாம், சாம்பார் கொதிக்கிற நேரம் கொதித்துத்தானே ஆகவேண்டும்.

ஒரு காரியம் செய்யுங்கள். மல்டிகேம் சிக்கும் அதே இடத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். சிபியு (பிராசஸர்) எத்தனை சதவீதம், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பக்கத்தில் "வீடியோ டீகோட்" என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும், அது எத்தனை சதவீதம், ஃபுட்டேஜ் இருக்கும் டிஸ்க் எத்தனை சதவீதம். மூன்றையும் இங்கே எழுதுங்கள்.

திருவையாறு ரெண்டர்

தஞ்சாவூர்க்காரர் சொல்வதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வீடு, மண்டபம், கோயில் திருப்பணிக்கு 3டி படம் போடுகிறேன், ப்ளெண்டரில் சிபியு ரெண்டர். அங்கே கோர் எத்தனை சேர்த்தாலும் அத்தனையும் நேரத்தில் குறையும், அதனால் நான் யோசிக்காமல் 16க்குப் போனேன். உங்களுக்கு போட்டோஷாப் ஆல்பம் வேலையும் இருக்குமே, அது இரண்டு மூன்று கோருக்கு மேல் பெரும்பாலும் தொடாது, அங்கே ஒற்றைக் கோரின் வேகமும் ரேமும்தான் பேசும்.

குத்தாலத்தார்

பார்த்தேன். சிபியு 100இல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஆறு கோரும். வீடியோ டீகோட் கட்டம் தரையோடு தரை, கோடு அசையவே இல்லை, பூஜ்யம். டிஸ்க் 100ஐத் தொட்டுத் தொட்டு இறங்குகிறது. ஃபுட்டேஜ் எல்லாம் 4 டிபி ஹார்ட் டிஸ்கில்.

சிபியு 100 என்றால் கோர் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

தஞ்சாவூர் கம்பைலர்

அப்படித் தோன்றும், ஆனால் அந்தப் பூஜ்யத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஹெச்.265 என்பது மிகவும் இறுக்கிச் சுருட்டிய ஃபைல். அதை விரிக்க கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி உண்டு. உங்கள் பழைய கேமரா எடுத்த 8 பிட் 4:2:0வை 1660 அந்தப் பகுதியிலேயே விரித்துவிட்டது, சிபியு ஓய்வாக இருந்தது. 10 பிட் 4:2:2 வந்ததும் அந்தப் பகுதிக்கு இந்த வடிவம் தெரியாது, முழு பாரமும் சிபியு தலையில் விழுகிறது. 8700க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸுக்கும் 4:2:2 தெரியாது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் 11ஆம் தலைமுறையில் இருந்துதான் ஹெச்.265 4:2:2வை விரிக்கும் வசதி வந்தது. என்விடியாவில் 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதன்முதலில் வந்தது, 40 வரிசையில் 4090க்கே கிடையாது. ப்ரீமியரும் 2025 ஏப்ரல் பதிப்பில் இருந்து அதைப் பயன்படுத்துகிறது.

நீங்கள் நினைத்திருக்கும் 9950எக்ஸுக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கும் இந்த 4:2:2 விரிக்க வராது. 16 கோரையும் போட்டு அடித்துத்தான் விரிக்க வேண்டும். விரிக்கும்தான், ஆனால் கடன் வாங்கிய பணத்தை அந்த வேலைக்குச் செலவழிப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

டிஸ்க் தனிக் கதை. உங்கள் கேமரா 200 மெகாபிட்டில் எடுக்கிறது என்றால் நொடிக்கு 25 மெகாபைட். மூன்று கேமராவுக்கு 75. ஒரே சீராகப் படித்தால் ஹார்ட் டிஸ்க் தாங்கும், ஆனால் மூன்று ஃபைலுக்கு நடுவே ஊசி இங்கேயும் அங்கேயும் தாவ வேண்டும், அங்கேதான் மூச்சு முட்டுகிறது. நடப்பு வேலையை ஊசியே இல்லாத வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்டி விலையும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆரூர் சர்வீஸ்

தம்பி சொல்வது சரி. நான் திருவாரூரில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறேன், ஸ்டுடியோக்காரர்கள் பல பேர் வருவார்கள்.

குத்தாலத்தாருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ரேம் விலை இப்படி இருக்கும்போது கையில் இருக்கும் 32 ஜிபி டிடிஆர்4ஐத் தூக்கிப் போடுவானேன்? இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 போடும் மதர்போர்டு இருக்கிறது. ஐ7-14700 வாங்கினால் 20 கோர், அதில் 8 பெரிசு, 12 சிறிசு, உள்ளேயே 4:2:2 விரிக்கும் கிராபிக்ஸும் உண்டு. போர்டு, பிராசஸர், கூலர் மூன்று மட்டும்தான் செலவு.

தஞ்சாவூர் கம்பைலர்

14ஆம் தலைமுறையா அண்ணே? 13, 14இல் வோல்டேஜ் அதிகமாக ஏறி பிராசஸரே கெட்டுப்போன விவகாரம் இருக்கிறதே. இன்டெல்லே ஒத்துக்கொண்டு 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் விட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். அதோடு அந்த சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில், அடுத்த பிராசஸர் கிடையாது. 9950எக்ஸ் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4 போர்டில் 2017இல் முதல் ரைசன் போட்டவர்கள் பலர் பயாஸ் (போர்டின் உள் சாஃப்ட்வேர்) அப்டேட் செய்து 5000 வரிசை வரை அதே போர்டில் ஏற்றிக்கொண்டார்கள். கடன் வாங்கி வாங்குகிறவருக்கு இது பெரிய விஷயம்.

ஆரூர் சர்வீஸ்

விவகாரம் உண்மை, நானும் இரண்டொன்றை வாரண்டிக்கு அனுப்பியிருக்கிறேன். புதுசாக வாங்குகிறவர் விண்டோஸ் போடும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிட்டு, போர்டுக்காரர் தரும் வேக செட்டிங்கை விட்டு இன்டெல் சொல்லும் செட்டிங்கில் ஓட்ட வேண்டும். யூஸ்டு மார்க்கெட்டில் 13, 14 வாங்காதீர்கள், பழைய பயாஸில் எத்தனை மாதம் ஓடியதோ யாருக்குத் தெரியும்.

சாக்கெட் விஷயத்தில் மட்டும் நான் வேறு கட்சி. என்னிடம் வரும் ஸ்டுடியோக்காரர்கள் ஆறு ஏழு வருஷத்துக்கு ஒருமுறைதான் மாற்றுகிறார்கள், அப்போது போர்டு, ரேம், பவர் சப்ளை எல்லாமே மாறித்தான் போகிறது. இவரே 2019க்கு அப்புறம் இப்போதுதான் கேட்கிறார். அடுத்த பிராசஸருக்கு என்று இப்போதே பணம் கட்டி வைக்க வேண்டியதில்லை.

மாயவரம் டு பெங்களூர்

சரி, அப்போது அந்த "வருஷக் கடைசிப் புதுசு"? இன்டெல்லின் அடுத்த பிராசஸர் நோவா லேக் 2026 இறுதி என்று சொல்லியிருக்கிறார்கள். ஏஎம்டியிலும் ஜென் 6 வரப்போகிறது. கோர் எண்ணிக்கை பற்றிப் பெரிய பெரிய வதந்தி ஓடுகிறது.

தஞ்சாவூர் கம்பைலர்

புதுசு வரும்போது எனக்கு லாபம் பெரும்பாலும் பழசில்தான். 7950எக்ஸ் 2022 செப்டம்பரில் 699 டாலருக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் 9950எக்ஸ் 649 டாலருக்கு வந்தபோது 7950எக்ஸ் அதைவிட நன்றாகவே இறங்கியிருந்தது, நான் அப்போதுதான் வாங்கினேன். இரண்டும் 16 கோர், கம்பைல் நேரத்தில் எனக்கு உறைக்கும் வித்தியாசம் இல்லை. புது சிப் வந்த முதல் இரண்டு மூன்று மாதம் போர்டு விலையும் கூடுதல், பயாஸும் பக்குவப்பட்டிருக்காது, ரேம் வேகத்தில் ஒத்துவராமல் படுத்தும். வருஷக் கடைசியில் அறிவித்தால் திருச்சி, கும்பகோணம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது அடுத்த தையில்தான். அதுவரை இவர் மூன்று கேமராவை எப்படி எடிட் செய்வார்? வேலை இன்றைக்கே நிற்கிறது என்றால் இன்னும் வராத சிப்புக்குக் காத்திருப்பது கைக்காசை விடுவதுதான். வேலை நிற்கவில்லை, ஆசைதான் என்றால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

மன்னை கணக்கு

நான் வரி ஆலோசனை பார்க்கிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உங்களுக்கு ரெகுலர் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 18ஐ உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கிடைக்காது. "பில் இல்லாமல் குறைச்சுத் தருகிறேன்" என்று கடையில் சொல்வார்கள், அந்தக் குறைப்பு பெரும்பாலும் நீங்கள் விட்டுக்கொடுக்கும் வரியைவிடச் சின்னதாக இருக்கும், வாரண்டிக்கும் பில்தான் ஆதாரம்.

அடுத்தது வருமான வரியில் கழிக்கும் தேய்மானம். கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான், 20 சதவீதம். இப்போது தையில் வாங்கினால் மார்ச் 31க்குள் 180 நாள் வராது. ஏப்ரலுக்கு அப்புறம், அக்டோபர் தொடக்கத்துக்குள் வாங்கி ஓட்டத் தொடங்கினால் முழு 40. உத்தேச வருமானக் கணக்கில், அதாவது வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்து ரிட்டர்ன் போடுகிறவராக இருந்தால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது, அதற்காக மாதத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. நம் பக்கத்து ஸ்டுடியோக்கள் பல அதில்தான் இருக்கின்றன, உங்கள் ஆடிட்டரிடம் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

வரிக்காக மட்டும் வாங்காதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். வேறு காரணங்கள் சமமாக நின்றால் மட்டும் இதைப் பாருங்கள்.

ஆரூர் சர்வீஸ்

கணக்கர் சொன்னதும் எங்கள் ஊர் நாட்காட்டியும் ஒத்துப்போகிறது. ஸ்டுடியோக்காரர் மெஷின் மாற்ற ஆடியை விட நல்ல மாதம் கிடையாது. முகூர்த்தம் இல்லை, டெலிவரி நெருக்கடி இல்லை. புது மெஷினில் சாஃப்ட்வேர் ஏற்றி, பழைய புராஜெக்ட் திறக்கிறதா, ப்ளக்-இன் வேலை செய்கிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம், ஏதாவது படுத்தினால் கடைக்குத் திருப்பி அனுப்பவும் நேரம் உண்டு. சீசன் நடுவில் மெஷினை மாற்றி, பாதி முடிந்த புராஜெக்ட் திறக்காமல் கண் கலங்கி வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வாங்குவதை நான் சொல்லவே மாட்டேன். மழைக்காலத்தில் நம் டெல்டாவில் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அப்புறம் கரண்ட் வந்த நாளில் வோல்டேஜ் ஏறி இறங்கி எரிந்த பவர் சப்ளைகள் என் பெஞ்சில் அடுக்கியிருந்தன.

எப்போது வாங்கினாலும் யுபிஎஸ்ஸுக்கும் எர்த்துக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். இப்போதைய நல்ல பவர் சப்ளைகளில் கரண்டைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற பகுதி இருக்கிறது, மலிவு யுபிஎஸ் தரும் கட்டம் கட்டமான கரண்டில் சில நேரம் அது அப்படியே அணைந்துவிடும். சைன் வேவ் யுபிஎஸ் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி எடிட்டிங் மெஷினை ஓட்டாதீர்கள், கரண்ட் போய் அது மாறும் அந்தக் கண நேரத்தில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

திருவையாறு ரெண்டர்

சூட்டையும் சொல்லுங்கள். 7950எக்ஸ் முழு பாரத்தில் 230 வாட் வரை இழுக்கும், 95 டிகிரி வரை போவது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அதோடு உட்கார முடியாது. நான் பயாஸில் ஈகோ மோடு போட்டு 105 வாட் வகுப்பில் ஓட்டுகிறேன், அப்போது உச்ச இழுப்பு 142 வாட்தான். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடுகிறது, விசிறிச் சத்தமும் அறைச் சூடும் நன்றாகவே குறைந்துவிட்டது. 16 கோர் வாங்குகிற எல்லோரும் இதை முதல் நாளே செய்யலாம்.

ஆரூர் சர்வீஸ்

தூசியும் உண்டு. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வரும் கேபினெட்டைத் திறந்தால் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு பாய் விரித்திருக்கும், உமித்தூசியும் வைக்கோல் துகளும் விசிறி எண்ணெயில் ஒட்டி இறுகிப்போனது. பிரஷ் போட்டால் வராது, விசிறியைக் கழற்றி விளிம்பைப் பிடித்து உரித்தால் ஒரே துண்டாக வரும். அதுக்கு அடியில் இருக்கும் பிராசஸர் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சொந்தக்காரர் மெஷின் பழசாகிவிட்டது என்று புதுசு பார்க்கக் கிளம்பிவிடுவார். குத்தாலத்தாரும் முதலில் அதைச் சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றிவிட்டுப் பாருங்கள்.

மாயவரம் டு பெங்களூர்

ஆடி என்றால் சரி, ஆனால் ரேமை மட்டுமாவது இப்போதே வாங்கி வைக்கலாமே?

தஞ்சாவூர் கம்பைலர்

வேண்டாம். போர்டு இல்லாமல் ரேமைச் சோதிக்க முடியாது. பெட்டியிலேயே கிடந்து, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்து, ஆடியில் போட்டால் ஓடவில்லை என்றால் வாரண்டிக்கு அலைய வேண்டும். வாங்கும்போது 32 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள், 16 ஜிபி குச்சி நான்காக வேண்டாம். ஏஎம்5இல் நான்கு குச்சி போட்டால் வேகம் பெரிதாக இறங்கும், டூயல் ரேங்க், அதாவது சிப்புகள் இரண்டு தொகுதியாக உள்ள குச்சி நான்கு என்றால் அதிகாரபூர்வ வேகம் 3600தான். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சின்னதாக வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

குத்தாலத்தார்

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது படுவது இது. கடன் இப்போது வேண்டாம். ஒரு ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு, 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி மட்டும் இந்த வாரம் வாங்கி இதே 8700இல் போடுகிறேன், இரண்டும் ஆடியில் புது மெஷினுக்கு அப்படியே போகும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது, ஆனால் 8ஆம் தலைமுறை என்பதால் 11 ஏறும், அதற்காகவும் புதுசு தேவையில்லை. போர்டு, பிராசஸர், ரேம் ஆடியில். 14700ஆ ஏஎம்5ஆ என்பதை அன்றைய ரேம் விலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆரூர் அண்ணே, இருக்கும் பவர் சப்ளை 450 வாட், 2019இல் வாங்கியது. 5060 தாங்குமா?

ஆரூர் சர்வீஸ்

5060 இழுப்பது 145 வாட், உங்கள் 1660 இழுத்தது 120. கணக்குப்படி தாங்கும், ஆனால் என்விடியா 550 சொல்கிறது, இதுவோ நம் ஊர் கரண்டில் இத்தனை வருஷம் ஓடிய சப்ளை. புது கார்டை அதில் மாட்டாதீர்கள். ஆடியையும் மனதில் வைத்து 750 வாட், கோல்டு தரச் சான்று உள்ளதாகவே வாங்கிவிடுங்கள், அதுவும் புது மெஷினுக்குப் போகும். அப்புறம் 8700 போர்டில் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 இடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

குத்தாலத்தார்

எம்.2 இடம் இருக்கிறது, எல்லாம் மாட்டியாகிவிட்டது. போன முகூர்த்தத்து மூன்று கேமராவையும் எஸ்எஸ்டியில் போட்டு மல்டிகேம் ஓட்டினேன். நிற்காமல் ஓடுகிறது. வீடியோ டீகோட் கட்டம் மேலே ஏறி நிற்கிறது, சிபியு பாதிக்கும் கீழே. எக்ஸ்போர்ட்டும் கார்டிலேயே போகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேரில் செய்யும் டைட்டில் மட்டும் இன்னும் இழுக்கிறது, அங்கே கோரும் ரேமும் வேண்டியிருக்கிறது போல.

தஞ்சாவூர் கம்பைலர்

ஆமாம், அது ஒரே நேரத்தில் பல ஃப்ரேமைத் தனித்தனிக் கோரில் போடும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ரேம் தனியாக வேண்டும். 16 கோர் வாங்கி 32 ஜிபியோடு நிறுத்தினால் பாதிக் கோர் சும்மா கிடக்கும். மாதத்தில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று வைகாசி வரை குறித்து வையுங்கள். அந்த நேரம் கொஞ்சம்தான் என்றால் 8 கோரே போதும், மிச்சப் பணம் 64 ஜிபி ரேமுக்குப் போகட்டும்.

குத்தாலத்தார்

சரி, குறித்து வைக்கிறேன். ஆனி கடைசியில் விலைகளோடு இங்கேயே எழுதுகிறேன்.